கையில் தொங்கிய கறிமீன்

1

போன சனிக்கிழமை என் மகள் ஜெனி வீட்டுக்கு வந்தாள். கோடை விடுமுறைதான், ஆனாலும் அவள் வீட்டில் தங்குவதில்லை. கல்லூரி விடுதியிலேயே அறை எடுத்துக்கொண்டு, அங்கே உணவுக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். காசு போடாமல் ஓடும் துணி துவைக்கும் மெஷின் மட்டும் இல்லையென்றால் எங்களைப் பார்க்க வருவாளா என்பது சந்தேகம்தான்.

அன்று மூட்டையை மெஷின் பக்கம் கொண்டுபோகாமல் சமையல் மேடையில் வைத்தாள்.

"அப்பா, கண்ண மூடுங்க. சர்ப்ரைஸ்."

மூடித் திறந்தேன். துண்டுக்குள் ஒரு டீ-ஷர்ட், டீ-ஷர்ட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் இரண்டு சால்மன் மீன் தலைகள்.

"உங்களுக்குப் பிடிக்கும்ல? அங்க டெய்லி இத தூக்கிப் போடறாங்க. நான் எடுத்துட்டேன்."

ஜெனிக்கு மீன் தலையைப் பார்த்தாலே குமட்டும். சின்னப் பிள்ளையில் நான் தலையை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து ஓடியவள். அப்படிப்பட்டவள் எனக்காக அதைக் கையால் எடுத்து, சுற்றி, இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாள். வேறு எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் பிள்ளையைக் கட்டிப்பிடித்திருப்பான். நான் கேட்டேன், "யாரும் பாத்தாங்களா?"

"ஒருத்தர்கூட பாக்கல! ஜிம் துணிக்குள்ள சுத்தி, பேக்ல அடியில வச்சு, பின்னாடி டோர் வழியா வந்துட்டேன்." பெருமையில் அவள் கன்னத்தில் குழி விழுந்தது.

பாம்பனில் பிறந்தவனுக்கு மீன் வாடையில் அருவருப்பு வராது. பெற்ற மகளைப் பார்த்துத்தான் அருவருப்பு வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் இந்த நாட்டில் மாணவனாக இருந்த முதல் கோடைக்குப் போக வேண்டும்.

2

1987. மதுரையில் விலங்கியல் படித்துவிட்டு, கடல் என்பதையே கண்ணால் காண முடியாத ஒரு சோளக்காட்டு ஊருக்கு மீன்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வந்திருந்தேன். இதில் உள்ள கிறுக்குத்தனத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை மே மாதத்தோடு நின்றுவிடும். செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கும். நடுவில் நீ என்ன சாப்பிடுவாய், எங்கே படுப்பாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டு மாணவன் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்தால் விசா போய்விடும். ஆக, வளாகத்துக்குள்ளேயே ஒரு கோடை வேலை பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். போனால் திரும்பி வர வழி கிடையாது.

மாணவர் வேலைவாய்ப்பு அலுவலகத்துச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் சின்னச் சின்ன அட்டைகளில் வேலைகளைக் குத்திவைத்திருப்பார்கள். காலையில் கதவு திறக்கும்போதே போய் நிற்பேன். நூலகத்தில் கேட்டேன். என்னைப் பேச விட்டுக் கேட்டுவிட்டு, தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், உனக்குச் சிரமமாக இருக்குமே என்றார்கள். எனக்குச் சிரமம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அஞ்சல் அறை வேலை கால்பந்துப் பயிற்சியாளர் மகனுக்குப் போனது. அட்டையைப் பலகையில் குத்துவதற்கு முன்பே போய்விட்டதாம்.

நீச்சல் குளத்துக்குக் காவலாள் வேண்டும் என்று ஒரு அட்டை பார்த்தேன். சிரிப்பு வந்தது. பாம்பன் பாலத்தடியில் நீரோட்டம் ஓடுகிற இடத்தில் குதித்து நீந்தி வளர்ந்தவன் நான். இந்தக் குளத்தில் நடுவில் நின்றால் தண்ணீர் மார்புக்கு வரும். போய்க் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் புன்னகை மாறாமல், "சான்றிதழ் இருக்கிறதா?" என்றாள். நீந்திக் காட்டுகிறேன் என்றேன். சான்றிதழ் இல்லாதவர்கள் பணியாளர் பகுதிக்குள் இறங்கக் கூடாது என்றாள். கடைசியில் அந்த வேலை ஒரு பையனுக்குக் கிடைத்தது. அவன் அந்தக் கோடை முழுக்க உயரமான நாற்காலியில் உட்கார்ந்து முதுகைக் கறுக்கவைத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் புன்னகையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஆபீஸில் குமாஸ்தா மூஞ்சியைச் சுளிப்பான், "நாளைக்கு வாய்யா" என்பான். நமக்கும் கோபம் வரும், திட்டுவோம், மனம் ஆறிவிடும். இங்கே சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள், நல்ல நாளாக அமையட்டும் என்று வேறு வாழ்த்துவார்கள். வெளியே வந்தபிறகு யாரைத் திட்டுவது என்று தெரியாது.

கடைசியாக உணவுக்கூடத்துச் சமையலறையில் எடுத்துக்கொண்டார்கள். வேலையோடு விடுதியில் கோடைக்கு ஓர் அறையும் உண்டு, அதைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்டபோது மீன் அரியத் தெரியும் என்றேன். எத்தனை பட்டம் வாங்கினாலும் கடைசியில் அதுதான் கைகொடுத்தது.

3

என்னோடு அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தமிழர்கள். அவர்களில் மூத்தவன் கண்ணன், சென்னைக்காரன், வளாகத்துத் தமிழ் மாணவர்களுக்கெல்லாம் தன்னைத் தலைவனாக நியமித்துக்கொண்டவன். வேலை கிடைத்த அன்றே எனக்குப் புத்தி சொன்னான். "அருள், உங்கப்பா மீன் புடிக்கிறவர்னு இங்க யார்கிட்டயும் சொல்லிக்காத. மெரைன் பிசினஸ்னு சொல்லு." எங்கள் அய்யாவுக்குப் படகே சொந்தம் கிடையாது. சம்மாட்டி ராயப்பனின் வத்தைப் படகில் கூலிக்குப் போகிறவர். சம்மாட்டி என்றால் படகுக்கும் வலைக்கும் உடைமைக்காரர்.

கோடையில் அந்த உணவுக்கூடத்தில் மாணவர்கள் சாப்பிடுவதில்லை. மாநாட்டுக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்கள், பழைய மாணவர்கள் என்று பெரிய இடத்து ஆட்கள். வெள்ளிக்கிழமைதோறும் முழு சால்மன்கள் பனிக்கட்டிப் பெட்டியில் வரும். நானும் ராய் என்கிற வயதான சமையல்காரரும் அவற்றை அரிந்து சதையை மட்டும் எடுப்போம். தலையும் வயிற்றுப்பகுதியும் குப்பைத்தொட்டிக்குப் போகும். முதல் வெள்ளிக்கிழமை அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தபோது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கண் குழி விழாத, செவுள் சிவப்பு மாறாத தலைகள். பாம்பனில் ஒரு குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும்.

இந்த இடத்தில் எங்கள் கடற்கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வத்தை கரை சேர்ந்து மீனைக் குவித்ததும், ஏலம் விடுவதற்கு முன்னால், தொழிலுக்குப் போன ஒவ்வொருவனும் அன்றைய குழம்புக்கு வேண்டியதைக் குவியலிலிருந்து எடுத்துக்கொள்வான். அதற்குக் கறிமீன் என்று பேர். சம்மாட்டி பக்கத்திலேயே நிற்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவருக்குத்தான் அவமானம். இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் என்று ஊரார் முன்னால் அவரைச் சொன்னது போலாகிவிடும். சீலா மாதிரி விலைபோகிற மீனில் யாரும் கை வைக்கமாட்டான். காரலோ பாறைக்குட்டியோ எடுத்து, செவுளில் ஓலை நாரைக் கோத்து, கையில் தொங்கவிட்டபடி தெரு வழியாக வீட்டுக்கு நடப்பான். எல்லோரும் பார்க்கவேண்டும், அதுதான் முக்கியம். ஒரு சூடை மீனை மடியில் மறைத்துக்கொண்டு போனவனை மறுநாள் எந்த வத்தையிலும் ஏற்றமாட்டார்கள்.

ஆகவே நான் அந்த வெள்ளிக்கிழமை என்ன செய்தேன் என்று கேட்டால், பிறந்ததிலிருந்து பார்த்ததைச் செய்தேன். சதையைத் தொடவில்லை. தொட்டிக்குப் போகிற தலைகளில் இரண்டை எடுத்துக் கழுவி, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையில் தொங்கவிட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தேன். மேலாளர் பெக்கியின் கண்ணாடி அறையைத் தாண்டும்போது பையைச் சற்று உயர்த்திக் காட்டி, வருகிறேன் என்று சொன்னேன். அவரும் கையசைத்தார். சம்மாட்டி பார்த்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ராய் வேறு விதமாக வீட்டுக்குப் போவார். அந்த வெயிலிலும் தடித்த கோட்டைப் போட்டுக்கொள்வார். உள்ளே ஒரு பக்கம் புடைத்திருக்கும். வெண்ணெய்க் கட்டியா மாட்டிறைச்சியா என்பது கிழமையைப் பொறுத்தது. மற்ற மாணவப் பணியாளர்களின் முதுகுப் பைகளும் வரும்போது ஒட்டியிருந்து போகும்போது உப்பியிருக்கும். எனக்கு அவர்கள் எல்லோரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. படித்த பிள்ளைகள் மடியில் மறைக்கிறார்களே என்று வருத்தப்பட்டேன் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள்.

விடுதி அறையில் குழம்பு கொதித்தால் கண்ணன் மூக்கைச் சுருக்கி ஜன்னலைத் திறப்பான். குழம்பு இறங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டோடு முதல் ஆளாக உட்காருவான். "தல பெரிசு, இல்ல? எனக்குக் கன்னத்துச் சதை வை" என்பான். எல்லோரும் உறிஞ்சி, விரலை நக்கி, முள்ளைப் பத்திரிகைத் தாளில் கட்டி வெளியே போட்டுவிட்டு வருவார்கள். வாரம் தவறாமல் இது நடந்தது.

4

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. பழைய மாணவர்களின் கூடுகை நடந்தது, கூடம் முழுக்க மேசை போட்டிருந்தார்கள். நான் வேலை முடிந்து, வழக்கம்போல் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே முன்வாசலுக்கு நடந்தேன். தட்டில் சால்மன் வைத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்தார். பைக்குள்ளிருந்து அந்த சால்மனின் தலை அவரைப் பார்த்தது. அவர் போட்ட கூச்சலில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

மறுநாள் பெக்கியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்துப் பட்டி கட்டிய ஓர் அதிகாரியும் இருந்தார். மாணவர் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். ராயும் ஓரமாக நின்றார்.

எடுத்தாயா என்று அதிகாரி கேட்டார். எடுத்தேன் என்றேன். அனுமதி கேட்டாயா? கேட்கவில்லை, அது குப்பைக்குப் போகிறது என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். குப்பையும்கூட லாரி வந்து எடுத்துக்கொண்டுபோகும் வரை பல்கலைக்கழகத்தின் சொத்து. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, என் விசாவே அவர் கையில் இருந்தது.

"பெக்கி முன்னால்தானே எடுத்துப் போனேன். ஒவ்வொரு வாரமும் காட்டிவிட்டுத்தானே போனேன்" என்றேன்.

பெக்கி முகம் சிவந்து, அது அவன் சொந்தச் சாப்பாடு என்று நினைத்ததாகச் சொன்னார். ராய் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். திருடியதாக ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், வேலையும் அறையும் நிற்கும். மறுத்தால் வேலை போகும், விஷயம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகும். எனக்கு அந்த நொடியில் அய்யா கண்முன் வந்தார். தோளில் துடுப்பும் கையில் தொங்கும் மீனுமாகத் தெருவில் நடந்து வருகிறார். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அவரும் திருடன், அவரோடு வத்தையில் போனவர்களும் திருடர்கள் என்றாகிவிடும்.

"எடுத்தேன். எல்லோரும் பார்க்க எடுத்தேன். திருடவில்லை" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினார்: எடுத்ததை மாணவர் ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து என் கையைக் குலுக்கினார், உன் நேர்மையைப் பாராட்டுகிறேன் என்றார். திருட்டு என்று பதிந்துகொண்டு நேர்மைக்குப் பாராட்டு. இந்த நாட்டில் எத்தனையோ கைகளைக் குலுக்கியிருக்கிறேன், அந்தக் கையின் பிசுபிசுப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

வேலை போகவில்லை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தட்டுக் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அது அடித்தளத்தில் இருந்தது. கோடை முடியும் வரை மேலேயிருந்து நகரும் பட்டையில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும், நான் மிச்சத்தை வழித்துத் தொட்டியில் தள்ள வேண்டும். ஒரு கடி கடித்த மீன், தொடவே தொடாத மீன், சிகரெட்டைக் குத்தி அணைத்த மீன். என் கையாலேயே தள்ளினேன். அதைத் தள்ளுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

5

அன்று அறைக்குத் திரும்பியபோது கண்ணனுக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. மற்றவர்களும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள், இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

"நம்ம பேரையே கெடுத்துட்டியேடா" என்றான் கண்ணன். "இனிமே இந்தியன் ஸ்டூடண்ட்னாலே கையில பாரு, பையில பாருன்னு சொல்லுவான்."

"நான் திருடல கண்ணன். எங்க ஊர்ல..."

"உங்க ஊரு கதைய விடு. ஏன்டா, பேக்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா? எல்லாரும் அப்படித்தானே எடுக்கறான்? ஊரு பாக்க ஆட்டிக்கிட்டா வருவாங்க?"

அவனுக்குக் குறை திருட்டில் இல்லை, தொங்கவிட்டதில்தான். திட்டி ஓய்ந்ததும் எழுந்துபோய் அடுப்பின்மேல் இருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"நேத்து குழம்பு மிச்சம் இருக்கா?"

இருந்தது. அவன்தான் சாப்பிட்டான். கன்னத்துச் சதையைத் தேடி எடுத்தான். கண்ணன் இன்று பெரிய கம்பெனியில் இருக்கிறான், பொங்கல் விழா மேடையில் தமிழ்ப் பண்பாடு பற்றிப் பேசுகிறான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

6

மறுபடி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். என் முகம் போன போக்கைப் பார்த்து ஜெனி பயந்துவிட்டாள். "என்னப்பா? பிடிக்கலையா?" என்றாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வத்தை, கறிமீன், ஓலை நார், பெக்கி, கழுத்துப் பட்டி, தட்டுக் கழுவும் அறை. இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. நான் முதல் கோடையில் வளாகத்தில் வேலை பார்த்தேன் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

கேட்கக் கேட்க அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அந்த அதிகாரியைத் திட்டினாள், எனக்கே கேட்கக் கூச்சமாயிருந்தது. நல்ல பிள்ளை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆனா ஏம்ப்பா, நீங்க பேக்ல வச்சு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

குரல் மட்டும்தான் வேறு. வார்த்தை கண்ணனுடையது. அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊரை நினைத்தும், இங்கே இவளைப் பெற்று வளர்த்த என்னை நினைத்தும் வெறுப்பாக வந்தது. தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது எப்படி என்று ஒரு நாளாவது அவளுக்குக் காட்டியிருக்கிறேனா? கடையில் முள் இல்லாத மீன் வாங்கிக்கொடுத்தே வளர்த்திருக்கிறேன்.

குழம்பு வைத்தேன். வீணாக்க மனம் வரவில்லை. சாப்பிட்டேன், ருசியில் குறையில்லை.

ஞாயிறு காலையில் வழக்கம்போல் பாம்பனுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம், அய்யா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார். கடலுக்குப் போவதை விட்டு வெகுகாலமாகிறது, ஆனால் பேச்செல்லாம் கடல்தான். ஜெனியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே அருளு, பேத்தி வேலைக்குப் போறாளாமே? சமையக்கட்டுலயாம்ல?"

"ஆமாய்யா. லீவுக்கு மட்டும்."

"மீனு வருதா அங்கன?"

"வருதுய்யா."

"கறிமீனு எடுத்துக்குறாளா?"

ஜெனி என்னைப் பார்த்தாள். அந்த அளவுக்குத் தமிழ் தெரியும், அவளுக்குப் புரிந்துவிட்டது. "எடுத்துட்டு வந்தாய்யா, நேத்துத்தான். ரெண்டு தல" என்றேன்.

"பாத்தியா! வெள்ளக்காரனும் நல்ல சம்மாட்டியாத்தான் இருக்கான்." அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எல்லாரும் பாக்கக் கையில தொங்கவிட்டுக்கிட்டுத்தான வந்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி போன் பக்கம் குனிந்தாள்.

"ஆமா தாத்தா. கையிலதான் எடுத்துட்டு வந்தேன். எல்லாரும் பாத்தாங்க."

தடுமாறாமல், நடுவில் ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காமல், என் மகள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. பேசிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள், உதவி செய்துவிட்ட திருப்தியோடு.

அந்தப் பக்கம் அய்யா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அதான. நம்ம வீட்டுப் புள்ளையில்ல" என்றார்.